பட்டு செக்‌ஷன் நாற்காலி

சங்கரன்கோவிலில் நின்றே பெயர் வாங்கியவள் ஒருத்திதான் உண்டு, கோமதி அம்மன். ஒற்றைக் காலில் ஊசிமுனையில் நின்றாள், ஆடித்தபசு அன்றைக்குச் சாமியிடம் கேட்ட தரிசனம் கிடைத்தது. அதே ஊரில், அம்மன் சன்னதியிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு கடையில் நாங்கள் ஒன்பது பேர் ரெண்டு காலிலும் நின்றோம். காலை ஒன்பதரைக்கு ஏறினால் ராத்திரி எட்டரை வரைக்கும் நிற்போம். எங்களுக்குக் கிடைத்த தரிசனம் முதலாளியின் முகம்தான், அதுவும் சிரித்த கோலத்தில் கிடைக்காது.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் முதலாளிக்கு ஒரே வரிசையில் மூன்று கடை இருந்தன. ஒன்று ஜவுளி, ஒன்று பாத்திரம், ஒன்று வளையல் ரிப்பன் விற்கிற பேன்சி. ஒரு கல்யாணத்துக்கு மதுரைக்குப் போனவர், அங்கே எல்லாச் சாமானும் ஒரே இடத்தில் விற்கிற பெரிய கடையைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த வேகத்தில் ரெண்டு சுவரை இடித்தார். வாசலில் ‘டிபார்ட்மெண்ட் ஸ்டோர்’ என்று ஆள் உயரத்துக்கு எழுதிப் போட்டார். இடித்த செங்கல்லை அள்ளுவதற்கு முன்பே திறப்பு விழா நடந்துவிட்டது.

பழைய ஜவுளிக்கடையில் தரை முழுக்க மெத்தை போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருக்கும். வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்தால், விற்கிறவரும் எதிரே உட்கார்ந்துதான் சேலையை விரிப்பார். கைப்பிள்ளைகள் ஒரு ஓரத்தில் தூங்கும். நாலு பேருக்குக் குடிக்கக் கலர் சோடா வரும். சேலை எடுக்கிறார்களோ இல்லையோ, வந்தவர்களை உட்காரச் சொல்லாத கடை என்று எந்தக் கடைக்கும் இந்தப் பக்கத்தில் பெயர் கிடையாது. முதலாளி அந்த மெத்தையைச் சுருட்டி குடோனில் போட்டார். மதுரையில் யாரும் உட்காரவில்லை என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம். அதன்பிறகு அந்த மெத்தையில் எலிகள் உட்கார்ந்தன.

மெத்தை இருந்த இடத்தில் கண்ணாடி கவுண்டர் வந்தது. வாங்குகிறவர்கள் அந்தப் பக்கம் நிற்க வேண்டும், விற்கிறவர்கள் இந்தப் பக்கம் நிற்க வேண்டும். பெயர்ப்பலகை எழுதிய ஆளை வைத்தே இன்னொரு பலகையும் எழுதி, வாடிக்கையாளர் கண்ணில் படாமல் எங்கள் கண்ணில் மட்டும் படுகிற மாதிரி மாட்டினார்கள். ‘பணி நேரத்தில் உட்காரக் கூடாது.’ அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். படத்தில் லட்சுமி, படத்துக்குக் கீழே பிள்ளையார், பிள்ளையாருக்குக் கீழே சுற்றுகிற நாற்காலியில் முதலாளி. வாசலில் சேலை கட்டி நிறுத்தியிருந்த பொம்மை எங்கள் கட்சி. அதுவே எங்களுக்குச் சத்துருவாகவும் ஆனது. யாராவது கால் வலிக்கிறது என்று முனகினால் மேனேஜர் அந்தப் பொம்மையைத்தான் காட்டுவார். அது நிற்கவில்லையா, அது என்றைக்காவது லீவு கேட்டதா என்பார். மேனேஜர் வேறு யாருமில்லை, முதலாளியின் மச்சினன். சுவரை இடித்தபோது அவருடைய வேலையும் சேர்ந்து உண்டானது.

நான் ஜவுளிப் பக்கம் விற்பனைக்குச் சேர்ந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டுக்காரர் வாசுதேவநல்லூர் போகிற ஒரு பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். நிரந்தரம் கிடையாது, பஸ் முதலாளி மனசு போல வேலை. அவர் ஓடுகிற வண்டியில் நின்றார், நான் நகராத தரையில் நின்றேன். வீட்டுக்கு வந்தால் ரெண்டு பேரும் முதலில் செய்கிற காரியம் ஒருவருக்கொருவர் பேசாமல் காலை நீட்டிச் சுவரில் சாய்வதுதான். எந்த நோவுக்கும் கைமருந்தான கோயில் புற்றுமண்ணை மாமியார் குழைத்து என் காலில் பூசிவிடுவார். புற்றுமண்ணைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மறுநாள் ஒன்பதரைக்கு நிற்பதற்கு அது என்கூட வராதே.

நிற்பதிலும் தொழில் இருக்கிறது. என் கவுண்டருக்குத் தெற்கே பாத்திர செக்‌ஷனில் ஒரு அக்கா இருந்தாள். நாற்பதைத் தாண்டியவள், தனிக்கட்டை. பழைய பாத்திரக்கடையிலிருந்தே வேலை செய்கிறவள். அங்கே ஒரு அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ராணி மாதிரி உட்கார்ந்து வியாபாரம் பண்ணினாளாம். டிபார்ட்மெண்ட் ஸ்டோர் ஆனதும் அண்டாவையெல்லாம் தட்டில் ஏற்றிவிட்டார்கள், அவள் இறங்கிவிட்டாள். பின்னங்கால் ரெண்டிலும் நரம்பு நீலமாகச் சுருண்டு புடைத்திருக்கும். அவள்தான் எங்கள் கூட்டத்துக்குக் குண்டூசி வைத்தியத்தைக் கண்டுபிடித்தவள். கையிலிருக்கிற குண்டூசியைக் கீழே போட்டுவிட்டு, குத்தவைத்து உட்கார்ந்து தேட வேண்டும். ஒரு குண்டூசிக்கு ரெண்டு நிமிஷம் உட்காரலாம். ரெண்டுக்கு மேல் போனால் மேனேஜர் வந்து கூடச் சேர்ந்து தேடுவார்.

ஜவுளியில் எனக்கு அதைவிட நல்ல வழி இருந்தது. உள்பாவாடைகள் அடித்தட்டில் இருந்தன. யாராவது உள்பாவாடை கேட்டால் கீழே உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். பட்டுச்சேலை கேட்டு வருகிறவர்களைவிட உள்பாவாடை கேட்டு வருகிறவர்களை நாங்கள் தலையில் வைத்துக் கொண்டாடினோம். கலரைச் சொல்லுங்க, நீளம் சொல்லுங்க, இன்னொன்று பாருங்க என்று உபசாரம் தாங்காது. கடையிலேயே உள்பாவாடை அடுக்குதான் இவ்வளவு நேர்த்தியாக இருக்கிறதே என்று மேனேஜருக்கு ஒருநாள் சந்தேகம் வந்தது. மறுநாள் உள்பாவாடைகள் மேல்தட்டுக்குப் போய்விட்டன. சும்மா சொல்லக்கூடாது, அந்த மனுஷனுக்குப் படிப்பு ஏறாவிட்டாலும் இந்த மாதிரி விஷயத்தில் மூளை நன்றாக ஓடும்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு நாள் தள்ளிப்போனது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நான் பயந்தேன். காரணம் இருந்தது. பேன்சி செக்‌ஷனில் என்னோடு சேர்ந்த ஒரு பெண்ணுக்கு ஆறாம் மாதம் வயிறு தெரிந்தபோது, மேனேஜர் ஒரு பொட்டலம் அல்வாவைக் கையில் கொடுத்து, மகராசியாகப் பெற்றுக்கொண்டு வா என்று அனுப்பிவைத்தார். திங்கட்கிழமை அவள் இடத்தில் வேறொரு பெண் நின்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது கலர் வாங்கிக் கொடுத்தார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லியும் அனுப்பவில்லை, ஆளும் அனுப்பவில்லை. வீட்டுக்காரர் வேலை இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்த நேரத்தில் எனக்கு அந்த அல்வா வேண்டாம் என்று இருந்தது.

அதனால் மறைத்தேன். கடை கொடுத்த யூனிபார்ம் சேலை நைலக்ஸ். உடம்போடு ஒட்டி, செருகினால் நிற்காமல் வழுக்கி, காட்டிக்கொடுக்கிற ஜாதி. கஞ்சி போட முடியாத அந்தச் சேலையின் முந்தானையை இடுப்பைச் சுற்றி இழுத்துச் செருகி, எப்போதும் ஒரு சேலையை மடித்து வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டே நின்றேன். ஐந்து மாதம் முடியும்வரை சமாளித்தேன். சாயங்காலம் ஆனால் பாதம் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக இருக்கும். பாத்திர அக்காவுக்கு மட்டும் தெரியும். என் கவுண்டர் பக்கம் மேனேஜர் வந்தால் அந்தப் பக்கம் ஒரு தாம்பாளத்தைத் தடாலென்று போடுவாள். அவர் அங்கே ஓடுவார். நான் குண்டூசி தேடுவேன்.

ஆவணி முகூர்த்தத்துக்குப் பனவடலிசத்திரத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். வேன் நிறைய இருபது பேர். தலைமை மாப்பிள்ளையின் அம்மா. நல்ல வாட்டசாட்டமான மனுஷி, விவசாயக் குடும்பம், குரல் வயல் வரப்புக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரல். உள்ளே வந்து நாலு பக்கமும் பார்த்தாள். எங்கே உட்கார என்று கேட்டாள். மேனேஜர், இது டிபார்ட்மெண்ட் ஸ்டோர், இங்கே நின்றுதான் எடுக்க வேண்டும், மதுரையிலும் அப்படித்தான் என்று விளக்கினார். அந்த அம்மாள் ஜமுக்காளம் எங்கே என்று கேட்டாள். இருப்பதிலேயே பெரிதாக ஒன்றை எடுத்துக்கொடுத்தேன். இதை முதலில் பில் போடு என்றாள். பில் போட்டு முடித்ததும் பிரித்து, கவுண்டருக்கு முன்னால் நட்டநடுவில் விரித்து, இருபது பேரையும் உட்காரவைத்தாள்.

விலை கொடுத்து வாங்கிய ஜமுக்காளத்தில் உட்காரக் கூடாது என்று பலகையில் எழுதவில்லை. முதலாளி சுற்றுகிற நாற்காலியை இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று சுற்றினார். இருபது பேர் கீழே உட்கார்ந்துவிட்டதால் கவுண்டருக்குப் பின்னால் நின்று சேலை காட்ட எனக்கு வழியில்லை. வெளியே வந்தேன். நின்றபடியே குனிந்து குனிந்து ஒவ்வொரு முகூர்த்தப் பட்டாக விரித்தேன். ஏழாவதோ எட்டாவதோ விரித்தபோது செருகியிருந்த முந்தானை நழுவிவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா சேலையைப் பார்க்கவில்லை. என் பாதத்தைப் பார்த்தாள், அப்புறம் வயிற்றைப் பார்த்தாள்.

“எத்தன மாசம், தாயி?”

அந்தக் குரலில் கேட்டால் கடைசித் தட்டில் இருக்கிற கரண்டிக்குக்கூடக் கேட்கும். முதலாளி என்னைப் பார்த்தார், மேனேஜர் முதலாளியைப் பார்த்தார். எனக்கு அல்வாப் பொட்டலம் கண்ணுக்கு முன்னால் வந்தது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன்.

அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே முதலாளியிடம் சொன்னாள்: “புள்ளத்தாச்சிய நிக்க வச்சு வேலை வாங்கி, அவ கையால நாங்க முகூர்த்தச் சேல எடுத்துட்டுப் போனா, அந்தச் சேல எங்க வீட்டுல வெளங்குமா அண்ணாச்சி? அவளுக்கு ஒரு நாக்காலி போடும். அவ உக்காந்தாத்தான் நாங்க எடுப்போம். இல்லாட்டி இந்த ஜமுக்காளத்தோட கெளம்புதோம்.”

அந்தக் கடையில் நாற்காலி என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது முதலாளிக்கு அடியில் இருந்தது.

இருபது பேருக்கான ஜவுளி என்பது சின்ன விஷயமில்லை. முதலாளி எழுந்தார். மேனேஜர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். நான் உட்கார்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், சேலை, கல்யாணம், வேலை எல்லாம் மறந்துவிட்டது. காலிலிருந்து ஏதோ ஒன்று இறங்கித் தரையோடு போனது. அவர்கள் சேலை எடுத்து முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. அந்த மூன்று மணி நேரமும் முதலாளி கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றார். அரை மணியில் காலை மாற்றினார். ஒரு மணியில் ராக்கில் சாய்ந்தார். ரெண்டு மணி ஆகும்போது கீழே குனிந்து உட்கார்ந்து எதையோ தேட ஆரம்பித்தார். குண்டூசியாக இருக்கும். பாத்திர அக்கா ஒரு குத்துப்போணிப் பாத்திரத்துக்குள் முகத்தை விட்டுச் சிரித்தது எனக்கு மட்டும் கேட்டது.

அவர்கள் போனதும் எழுந்து நின்றேன். போய்விட்டு வா என்ற வார்த்தைக்குக் காத்திருந்தேன். முதலாளி பில் கட்டை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். நாளைக்குச் சீக்கிரம் வந்துவிடும்மா என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் பட்டு செக்‌ஷனில் புது மர நாற்காலி ஒன்று கிடந்தது. ஜமுக்காளக் கதை பனவடலிசத்திரத்தில் தொடங்கி குருவிகுளம் வரைக்கும் போயிருந்தது. போகிற வழியில் அது மாறியும் போயிருந்தது. அந்தக் கடையில் புள்ளத்தாச்சி ஒருத்தி கையால் முகூர்த்தப் பட்டு எடுத்துக் கொடுக்கிறாளாம், ராசியான கையாம். கல்யாண வீட்டார் வந்து இறங்கியதும் அந்தப் பிள்ளை இருக்கிறாளா என்றுதான் கேட்டார்கள். வயிற்றை மறைத்த குற்றத்துக்கு என்னைத் துரத்தியிருக்க வேண்டிய மேனேஜர், இப்போது பக்கத்தில் வந்து, முந்தானையைக் கொஞ்சம் ஒதுக்கி உட்காரும்மா, வருகிறவர்களுக்குத் தெரியட்டும் என்றார். எனக்குச் சிரிப்பதா, செருப்பைத் தேடுவதா என்று தெரியவில்லை. சிரித்தேன். உட்கார்ந்தேன்.

எட்டாம் மாதம் முடியும்வரை உட்கார்ந்தேன். மற்ற எட்டுப் பேரும் நின்றார்கள். முதல் நாலு நாள் எனக்குக் கூச்சமாக இருந்தது. பாத்திர செக்‌ஷன் நேர் எதிரே. ஒரு நரம்பு சுருண்ட கால் மாறி மாறி நிற்பது என் கண்ணில் படாமல் இருக்காது. அக்கா, கூட்டம் இல்லாத நேரத்தில் வந்து கொஞ்சம் உட்காருங்கள் என்று ஒருதரம் வாய்வரைக்கும் வந்தது. மேனேஜர் பார்த்துவிட்டால் நாற்காலியே போய்விடுமோ என்று விழுங்கிவிட்டேன். அஞ்சாம் நாளிலிருந்து கூச்சம் பழகிவிட்டது. அதுதான் உண்மை.

பெண் பிள்ளை பிறந்தது. முதலாளி வீட்டிலிருந்து ஒரு சட்டையும் கிலுகிலுப்பையும் வந்தன. வீட்டுக்காரருக்கு அதற்குள் பஸ் வேலை போயிருந்தது. பிள்ளைக்கு நாலாம் மாதம், கலர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்களோ என்று நினைத்துக்கொண்டே கடைக்குப் போனேன். கலர் வரவில்லை. ராசியான பிள்ளை, வந்து சேர்ந்துகொள் என்றார் முதலாளி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கும்பிட்டேன். அவர் குரலைத் தணித்து, பெற்ற தகப்பன் மாதிரி அவ்வளவு அக்கறையாக, அடுத்தது எப்போதும்மா என்று கேட்டார்.

பட்டு செக்‌ஷனில் நாற்காலி அப்படியே இருந்தது. முதுகுப் பலகையில் சந்தனம் தடவி நடுவில் குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை லட்சுமி படத்துக்குச் சாம்பிராணி காட்டிய கையோடு மேனேஜர் இந்தப் பக்கம் வந்து நாற்காலிக்கும் காட்டினார். ராசியான நாற்காலி, கண்டவர்கள் உட்கார்ந்து ராசி போய்விடக் கூடாது என்றார். புள்ளத்தாச்சி இல்லாதபோது அதில் யாரும் உட்காரக் கூடாது. நானும் உட்காரக் கூடாது. அப்படியாக என்னால் பெயர் வாங்கிய நாற்காலிக்குப் பக்கத்தில் நான் நிற்க ஆரம்பித்தேன். வருகிறவர்கள் என்னைக் கேட்பதை விட்டுவிட்டு நாற்காலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சேலை எடுத்தார்கள். வியாபாரம் ஒன்றும் குறையவில்லை.

அடுத்த தை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். காலையிலிருந்து சீர்வரிசைப் பாத்திரத்துக்குக் கூட்டம். அக்கா அண்டாவும் குத்துவிளக்குமாக ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தாள். கூட்டம் கலைந்ததும் என் பக்கம் நடந்து வந்தாள். நடை கோணலாக இருந்தது. முந்தானையால் அந்தக் குங்குமத்தைத் துடைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

மேனேஜர் வாசலிலிருந்து பார்த்துவிட்டார். அவர் அவளிடம் வரவில்லை, என்னிடம் வந்தார். இது உன் செக்‌ஷன், உன் பொறுப்பு, அவளை எழுப்புகிறாயா, இல்லை ரெண்டு பேரும் கணக்கை முடித்துக்கொண்டு போகிறீர்களா என்றார். கல்லாவிலிருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் வேலை இல்லாத புருஷன், தொட்டிலில் பிள்ளை. இதையெல்லாம் நான் இப்போது வரிசையாகச் சொல்கிறேன். அப்போது இவ்வளவெல்லாம் யோசிக்கவில்லை. உடனே வாய் வந்துவிட்டது.

“அக்கா, எந்திரிங்க.”

கண்ணைத் திறந்தாள். கோபம் ஒன்றும் இல்லை. மேனேஜர் நின்ற பக்கம் அவள் திரும்பவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“நீ உக்காந்திருக்கையில நான் ஒண்ணும் சொல்லலியேட்டி.”

கவுண்டர் விளிம்பைப் பிடித்து எழுந்தாள். கோணல் நடையோடு தெற்கே போய், அவள் இடத்தில் நின்றுகொண்டாள். மேனேஜர் பூஜைத் தட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அக்கா துடைத்த பொட்டை நான்தான் மறுபடி வைத்தேன்.